சாமைக் கொல்லையில் விழுந்த பெட்டி

போளூரில் குடித்ததுதான் கடைசிக் காப்பி என்று முன்பே தெரிந்திருந்தால் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்திருப்பேன். மலைக்குப் போகிற பஸ் கிளம்புகிறதே என்று பாதிக் காப்பியோடு ஓடினேன். ஓடிப் போய் ஏறிய பஸ் அதற்கப்புறம் வெகு நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. இப்படித்தான் ஆரம்பித்தது என் ஜவ்வாது மலைப் பயணம்.

எழுபதுகளின் நடுவில், ஒரு செப்டம்பர் மாதம். நான் அப்போது இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல் வளிமண்டலத்தை ஆராயும் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் மாயவரம். மாயவரத்துக்காரன் சீமைக்குப் போய், சீமையிலிருந்து திரும்பி வந்து, தன் சொந்த மாநிலத்திலேயே ஒரு மலைக்கு வழி கேட்டுக்கொண்டு நின்றதற்குக் காரணம், ஒரு பெட்டி.

அதைச் சொல்லிவிடுகிறேன். சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை வீசிக்கொண்டே இருக்கும். அகச்சிவப்பு என்கிறோம். காற்றும் வீசுகிறது. அந்த வருஷம் விண்ணுக்குப் போன ஒரு செயற்கைக்கோளில் இருந்த கருவி, பூமியை நேர் கீழே பார்க்காமல், தொடுவான விளிம்பில் இருக்கும் காற்றைப் பக்கவாட்டில் பார்த்தது. எந்த உயரத்தில் எத்தனை சூடு, எத்தனை ஓசோன் என்று அந்த ஒளியை வைத்தே சொன்னது. சொன்னது சரிதானா? குழந்தையின் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். அந்தக் கைதான் எங்கள் பலூன். செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகிற அதே காலையில், சென்னைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடு அதை மேலே அனுப்பினோம். அந்த மாதத்தில் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பிய்த்துக்கொண்டு போகும். பலூன் வெடித்ததும் பெட்டி வெள்ளைப் பாராசூட் துணியில் தொங்கியபடி இந்த மலைமேல் இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது.

வானொலியில் வரவேண்டிய தகவல் பாதி வழியில் நின்றுபோயிருந்தது. மிச்சம் இருந்தது பெட்டிக்குள் அளவுகளைக் கோடாகப் பதித்துவைத்திருந்த படச்சுருள் மட்டும். அதில் வெளிச்சம் பட்டால் போச்சு, தண்ணீர் பட்டாலும் போச்சு. மறுபடி பறக்கவிடலாமே என்பீர்கள். அந்த ஒரு பலூனுக்கே நான் நாய்படாத பாடு பட்டிருந்தேன். இன்னொன்று கிடைக்க மாதக்கணக்காகும். செயற்கைக்கோளின் கருவியைக் குளிர்ச்சியாக வைத்திருந்த உறைந்த வாயுவோ நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது. அது தீர்ந்தால் கருவி குருடாகிவிடும். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? மூன்று வருஷ உழைப்பும், அந்த உழைப்பை நம்பியிருந்த என் வேலையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

"மலைக்கா சார்? ஏறுங்க, உள்ள எடம் கீது" என்றார் கண்டக்டர். அவர் சொன்ன இடம் ஒரு புளி மூட்டையின் தலை. பக்கத்தில் சந்தவாசலிலிருந்து சந்தைக்குப் போகிற வளையல்காரம்மா. என்னையும் என் தொப்பியையும் நன்றாக அளந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், கவர்மெண்ட்டா? மலேரியாவுக்கு மருந்தடிக்கவா?"

"இல்லம்மா. ஒரு பலூன் விழுந்துடுத்து. அதைத் தேடிண்டு போறேன்."

"பலூனா? ஜமுனாமரத்தூர் சந்தையிலயே விக்குதே. இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க!"

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது ஒன்றும் அதிசயமில்லை. என் மனைவியைக் கேட்டால் பட்டியலே தருவாள்.

பாதி மலை ஏறியதும் எஞ்சின் கொதித்து பஸ் நின்றது. யாரும் சொல்லாமலே நாலு பேர் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார்கள். கண்டக்டர் எண்ணெய் டின்னோடு ஓடையைத் தேடிப் போனார். இங்கிலாந்தில் பஸ் நின்றுபோனால் எல்லோரும் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே வளையல்காரம்மா முந்தானையை அவிழ்த்து, அவித்த வேர்க்கடலையைக் கை நிறைய அள்ளி என்னிடம் நீட்டினார். மறுக்க நினைத்தேன். வயிறு கேட்கவில்லை.

ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. காப்பி இல்லை, டீதான். டீக்கடையில் வெள்ளைத் துணி விழுந்த ஊர் எது என்று விசாரித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். கறுத்து மெலிந்த உடம்பு, தலையில் சிவப்புத் துண்டு. அந்த ஊரின் ஊர்க்கவுண்டரே, அதாவது ஊர்த் தலைவரே, அவர்தான். பெயர் ஆண்டியப்பன். உப்பும் மிளகாயும் வாங்க வந்திருந்தார்.

"பொட்டி உங்களுதா? பத்திரமா கீதுங்க. ஒருத்தரும் கை வக்கில" என்றார்.

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒற்றையடிப் பாதையில் அவர் பின்னாலேயே நடந்தேன், அதாவது ஓடினேன். சாயங்கால வெயிலில் ஊர் தெரிந்தது. புல் வேய்ந்த வீடுகள், பலா மரங்கள், சரிவெல்லாம் பழுத்த சாமை. மலையில் புன்செய் வயலுக்குக் கொல்லை என்று பெயர். அப்படி ஒரு கொல்லையின் நடுவே, என் பெட்டி! மேலே சுற்றியிருந்த வெள்ளைத் தெர்மகோல் ஒரு பக்கம் உடைந்து, உள்ளே அலுமினியப் பெட்டி மின்னியது. கல்லெறி தூரம்தான். வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

கவுண்டர் என் தோளைப் பிடித்தார். "அங்க போவக்கூடாதுங்க."

"ஏன்? என் பெட்டிதானே?"

"பொட்டி உங்களுதுதான். கொல்ல ஆத்தாளுது. கதிர் முத்திப்போச்சு. ஆத்தாளுக்குப் பூச போட்டு மொதக் கதிர் எடுக்காம இதுலேர்ந்து ஒரு துரும்பு வெளிய வரக்கூடாது. செருப்பும் இரும்பும் உள்ள போவக்கூடாது."

பூசை எப்போது என்று கேட்டேன். எல்லார் கொல்லையும் பழுத்த பிறகு என்றார். எதிர்ச் சரிவைக் காட்டினார். அங்கே ஒரே ஒரு கொல்லை மட்டும் இன்னும் பச்சையாக நின்றது. அது சின்னப்பையன் என்பவருடையது. போன வருஷப் பஞ்சத்தில் அவருடைய மாடுகள் செத்துவிட்டன. ஏர் இல்லாமல் மண்வெட்டியால் கொத்தியே நிலத்தைப் புரட்டியிருக்கிறார். அதனால் விதைப்பு பிந்திவிட்டது.

கத்தினேன். செயற்கைக்கோள், உறைந்த வாயு, படச்சுருள் எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். பூசையை நாளைக்கே போட்டுவிடுங்கள், ஒரு கொல்லைக்காக ஊரே காத்துக் கிடக்குமா என்று கேட்டேன். கவுண்டர் நான் முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"நாமெல்லாம் அறுத்து ஆக்கித் தின்னா, அவன் வூட்டுப் புள்ளைங்க வாசல்ல நின்னு பாத்துக்கினு இருக்கணுமாங்க?" என்றார்.

அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

பெட்டி விழுந்த கொல்லை வெள்ளச்சி என்ற பெண்ணுடையது. புருஷன் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். காப்பி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த ஏக்கத்தை என்னவென்று சொல்ல! இரண்டு சின்னப் பெண்களோடு இருந்த அந்தம்மாள், பெட்டி தன் கொல்லையில் விழுந்ததால் நான் தன் விருந்தாளி என்று தீர்மானித்துவிட்டார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எனக்குப் பாய் போட்டார். தேக்கிலையில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தார். கோபத்தோடு சாப்பிட்டேன், இரண்டு தரம் கேட்டு வாங்கி.

மறுநாள் காலை கிழக்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. விழுந்த வேகத்தில் பெட்டியின் மூடி பிளந்திருந்தால் ஒரு மழை போதும். வேலி ஓரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, என் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாந்தாங்க சின்னப்பையன். எம்மாலதான் உங்களுக்குத் தாமசம்" என்றார்.

முந்தின நாள் யாரைத் திட்டித் தீர்த்தேனோ அவரே நேரில் வந்து நின்றால் என்ன செய்வது? "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, மழைதான் பயமா இருக்கு" என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வெள்ளச்சியிடம் போய் ஏதோ பேசினார். வெள்ளச்சி கவுண்டரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள்.

கவுண்டர் என்னிடம் வந்தார். "வெளிய எடுக்கத்தான் கூடாது. உள்ளயே ஒரு வூடு கட்டிட்டா ஆத்தா இன்னா சொல்லப் போறா?"

அடேயப்பா, அப்புறம் பார்க்க வேண்டுமே! சின்னப்பையன் மூங்கில் கொண்டுவந்தார். நாலு பெண்கள் புல் கட்டோடு வந்தார்கள். அறுப்பதும் வெட்டுவதும் வேலிக்கு வெளியிலேயே நடந்தது, அரிவாள் உள்ளே போகக்கூடாதே. கட்டுவதற்குக் கம்பியும் கூடாது, கற்றாழை நார். கொல்லைக்காரி முன்னால் போக, மற்றவர்கள் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வரிசையாக உள்ளே போனார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

"இரும்பெல்லாம் எடுத்து வச்சிட்டு வாங்க" என்றார் வெள்ளச்சி.

செருப்பு, கைக்கடிகாரம், சாவிக்கொத்து போயிற்று. பெல்ட்டின் பக்கிள் போயிற்று. கடைசியில் கம்பிச் சட்டம் போட்ட என் மூக்குக் கண்ணாடியைக் காட்டி, "அது?" என்றார். அதைக் கழற்றினால் எதிரே நிற்பது மாடா மனுஷனா என்று எனக்குத் தெரியாது. கழற்றினேன். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காற்றைத் துழாவிக்கொண்டு, விண்வெளி ஆராய்ச்சியாளர் சாமைக் கொல்லைக்குள் நுழைந்தார். வெள்ளச்சி சிரித்த சிரிப்பு அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மலை ஏறியதிலிருந்து அதுதான் என் முதல் சிரிப்பு.

பெட்டியைத் தடவிப் பார்த்தேன். மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே இருந்த இன்னொரு உறை தாங்கியிருக்க வேண்டும், தாங்கியிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். படச்சுருளை மட்டும் கறுப்புப் பைக்குள் போட்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வந்தது. ஒரு துரும்பு வெளியே வரக்கூடாது என்று கவுண்டர் சொன்னது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். பெட்டிக்கு அடியில் மூங்கில் பரப்பி, மேலே நாலு கால் நட்டு, புல் வேய்ந்தார்கள். முழங்கால் உயரத்தில் ஒரு வீடு. கட்டி முடித்து வெளியே வந்து கண்ணாடியைப் போட்டதும்தான், நாங்கள் போய்வந்த தடம் முழுக்கக் கதிர் மிதிபட்டுக் கிடந்ததைப் பார்த்தேன்.

"உங்க சாமை வீணாப் போயிடுத்தே" என்றேன்.

"போனாப் போவுது. குருவி தின்னுட்டுப் போவும்" என்றார் வெள்ளச்சி.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. அந்தக் குட்டி வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. எங்கள் மாயவரம் வீட்டு ஓடு இத்தனை நாணயமாக இருந்ததில்லை.

மழை விட்டதும் வெயில் அடித்தது. தினமும் காலையில் எழுந்து எதிர்ச் சரிவைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. பச்சை, வெளிர்ப் பச்சை, மஞ்சளோ என்று சந்தேகிக்கும்படி ஒரு பச்சை. ஊரே அப்படித்தான் பார்த்தது. ஆனால் யாரும் அவசரப்பட்டு ஒரு சொல் சொல்லி நான் கேட்கவில்லை. "இன்னாடா, உங்கொல்ல பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணிக்கினே கீது!" என்று சின்னப்பையனைக் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

ஒருநாள் ஓடையில் குளித்துவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பினேன். வீட்டு வாசலில் வெள்ளச்சியும் குழந்தைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டியில் வெந்த காட்டுக் கிழங்கும் ஒரு கீரையும், அவ்வளவுதான். பெரிய பெண்ணிடம், "சோறு வேண்டாமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"சோறு உனுக்குத்தான்" என்றது அது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பஞ்ச வருஷத்துக்குப் பின் வந்த வருஷம். பழைய சாமை தீர்ந்துபோய் அடிப்பானையில் கிடந்ததைத்தான் எனக்குத் தினமும் ஆக்கிப் போட்டிருக்கிறார். நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன்.

"என்னம்மா இது? சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன். கோபம்தான், யார்மேல் என்று தெரியாத கோபம்.

"வூடு தேடி வந்தவருக்குக் கெழங்கு போட்டா ஊர் சிரிக்குமுங்க."

"எதிரே கொல்லை நிறையச் சோறு நிக்கறதே!"

"அது இன்னும் சோறு ஆவலீங்க. ஆத்தா தொட்டாதான் சோறு" என்றார், சட்டியை வழித்துக்கொண்டே.

ஊர் முழுக்க இதே கதைதான் என்று அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அத்தனை வீட்டுக் கொல்லையிலும் பழுத்த கதிர் நிற்க, அத்தனை வீடும் கிழங்கைத் தின்றுகொண்டு சின்னப்பையன் கொல்லைக்காகக் காத்திருந்தது. நான் ஒருவன்தான் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்க முடியவில்லை என்று கத்தியவன். அன்றே ஜமுனாமரத்தூருக்கு இறங்கினேன். மழையில் பாதை அறுந்து பஸ் வராததால் கடையில் சரக்கும் குறைவு. கிடைத்த அரிசியையும் பருப்பையும் தலையில் சுமந்து, சேற்றில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து வந்து சேர்ந்தேன். வெள்ளச்சி வாங்கிக்கொண்டார். அடுத்த வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் பங்கு வைத்த பிறகுதான் உலையை ஏற்றினார். கேட்டால் சிரிக்கிறார்.

ஒரு காலை கவுண்டர் என்னை எழுப்பினார். "பாருங்க" என்று எதிர்ச் சரிவைக் காட்டினார். சின்னப்பையன் கொல்லை பழுத்திருந்தது. எனக்கு ஏன் கண் கலங்க வேண்டும்? கலங்கியது.

பூசை காலையிலேயே நடந்தது. மேளம் அடித்தார்கள். ஒவ்வொரு கொல்லையிலிருந்தும் ஒரு பிடிக் கதிர் ஆத்தாளின் கல்லுக்கு முன்னால் சேர்ந்தது. சின்னப்பையனைத்தான் முதலில் வைக்கச் சொன்னார்கள். கவுண்டர் கையை உயர்த்தி, "அறுங்க" என்றதும், ஊரே அரிவாளோடு சரிவில் இறங்கியது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பசி அந்த ஓட்டத்தில் தெரிந்தது. குழந்தைகள் முறத்தோடு ஓடின.

வெள்ளச்சி மட்டும் அரிவாள் எடுக்கவில்லை. வெறுங்கையோடு கொல்லைக்குள் போய், புல் கூரையைப் பிரித்து, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். அவருடைய பெண்கள் இருவரும் வேலியோரத்தில் வெறும் முறத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல கதிரை அறுங்கம்மா, குழந்தைகள் நிக்கறதுகள். பெட்டிக்கு என்ன அவசரம்?" என்றேன். பெட்டிக்கு அவசரமில்லை என்று நான் சொன்னேன்!

"நீங்களும் எங்ககூடத்தான காத்துக்கினு இருந்தீங்க" என்று சொல்லி, பெட்டியை என் கையில் இறக்கினார். அதற்கப்புறம்தான் அரிவாளை எடுத்தார்.

சென்னையில் ஒரு கல்லூரியின் இருட்டறையில் படச்சுருளைக் கழுவினேன். ஓரத்தில் கொஞ்சம் ஈரம் பாய்ந்து கெட்டிருந்தது. நடுவில் கோடு தெளிவாக, தலைமுடி மாதிரி ஓடியது. செயற்கைக்கோள் சொன்ன சூடும் பலூன் தொட்டுப் பார்த்த சூடும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் செயற்கைக்கோள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தது. அந்தக் கோடு இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. கணக்கைத் திருத்தினோம். கருவி குருடாவதற்கு முன்பே வேலை முடிந்தது. என் வேலையும் பிழைத்தது.

இங்கிலாந்து திரும்பிக் கட்டுரையை எழுதியதும், என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பேராசிரியரிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்துக்கு வந்ததும் அவர் நிறுத்தினார். வெள்ளச்சி, சின்னப்பையன், ஆண்டியப்பன் என்ற மூன்று பெயரையும் உச்சரிக்க முயன்று தோற்றார்.

"இவர்கள் எந்த ஆராய்ச்சி நிலையம்?" என்று கேட்டார்.

"எந்த நிலையமும் இல்லை. ஒரு மலை ஊர்."

"அப்படியானால் நம் அளவீட்டுக்கு இவர்கள் என்ன செய்தார்கள்?"

எல்லாவற்றையும் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரே வாக்கியம்தான் வந்தது.

"சாப்பிடாமல் இருந்தார்கள்" என்றேன்.